ஊர்திப் பெயரும் தமிழ் நாவும்

மனிதன் ஏறிச் செல்லும் ஊர்தி அவனுடைய மதிப்பை உயர்த்தும் என்னும் எண்ணம் இன்று தோன்றியதன்று. யானையும் குதிரையும் பல்லக்கும் அந்நாளில் ஆற்றிய பணியை இந்நாளில் மகிழுந்து ஆற்றி வருகிறது. ஆயினும், ஊர்தியை உடைமையாகப் பெற்றால் மட்டும் போதாது. அதன் பெயரை அது பிறந்த நாட்டார் ஒலிக்குமாறே ஒலித்துக் காட்ட வேண்டும். அவ்வாறு ஒலிக்கத் தெரியாதவன் கல்லாதவன் என்னும் எண்ணம் பிற்காலத்தில் தலையெடுத்தது. கோலாலம்பூர் மாநகரில் செல்வ வளத்துக்குப் பெயர்பெற்ற பங்சார் வட்டாரத்தில் இவ்வெண்ணம் நன்கு வேரூன்றியுள்ளது. ஜாலான் மாரோப்பிலும் தெலாவித் தெருக்களிலும் வரிசைபிடித்து நிற்கும் ஊர்திகளுள் ஜெர்மானியம் உண்டு, பிரெஞ்சு உண்டு, இத்தாலியம் உண்டு, ஜப்பானியமும் கொரியமும் உண்டு. அவற்றின் பெயர்களைத் தமிழ் வாயால் ஒருவன் சொன்னால், அதைக் கேட்டு முதலில் நகைப்பவன் ஜெர்மானியன் அல்லன், ஜப்பானியனும் அல்லன். தமிழனே நகைக்கிறான்.

'போர்ஸ்' என்று சொன்னால் நகைப்பு. 'போர்ஷெ' என்று இரண்டு அசையாகச் சொன்னால் மதிப்பு. 'ரெனால்ட்டு' என்றால் பட்டிக்காட்டான். 'ரெனோ' என்றால் பண்பட்டவன். 'ஓண்டா' என்று சொல்லிவிட்டாலோ, அவனுக்கு அந்த அவையில் இடமே இல்லை. இவ்வாறு ஓர் ஊர்தியின் பெயரைக் கொண்டு ஒரு மனிதனின் அறிவை அளக்கும் வழக்கம் நேரியதுதானா என்று எண்ணிப் பார்ப்பார் இலர்.

சிறியதொரு செய்தியைப் பெரிதுபடுத்துவானேன் என்று சிலர் வினவக்கூடும். செய்தி சிறியதுதான், அதன் விளைவு சிறியதன்று. நகைப்புக்கு இலக்காவோர் வளர்ந்தவர்கள் மட்டுமானால், அவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால், அந்த நகைப்பு தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. தந்தை லாரி ஓட்டுகிறார். தாய் தொழிற்சாலைக்குச் செல்கிறார். வீட்டில் மகிழுந்துக்குக் 'காடி' என்பதே பெயர். அந்த வீட்டில் கேட்ட ஒலியோடு வகுப்புக்கு வரும் சிறுவன் வாய் திறந்தவுடன் சிரிப்பொலி எழுகிறது. அவன் அன்று திருத்திக்கொள்வது ஒரு சொல்லையா? இல்லை. தன் தந்தையின் நாவே பிழையுடையது என்று அவன் அன்று கற்றுக்கொள்கிறான். மறுநாள் ஆசிரியர் வினா தொடுக்கும்போது அவன் கை உயர்வதில்லை. பேச அஞ்சும் பிள்ளைக்கு எந்த மொழியும் வாராது. தமிழும் வாராது, ஆங்கிலமும் வாராது. ஆகவே, இந்த நகைப்பின் அடிப்படை எத்துணை வலுவற்றது என்பதை எடுத்துக் காட்டுதல் கடமையாகிறது.

பங்சார் என்னும் சான்று

நகைப்போர் வாழும் ஊரின் பெயரையே முதற்கண் ஆராய்வோமாக. பங்சார் என்பது மலாய்ச் சொல்லோ தமிழ்ச் சொல்லோ அன்று. எடுவார்டு புங்கே, ஆல்பிரட்டு கிரிசார் என்னும் ஐரோப்பிய வணிகர் இருவரின் பெயரைத் தாங்கிய ரப்பர்த் தோட்டம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் இருந்தது. 'புங்கே–கிரிசார்' என்னும் அந்த இரட்டைப் பெயர் மக்கள் நாவில் புரண்டு தேய்ந்து 'பங்சார்' ஆயிற்று என்பதே இவ்வூர்ப் பெயருக்கு வரலாறு கூறுவோர் பெரிதும் சுட்டும் செய்தி. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலெழுத்துக்குப் பின் உகரம் இருந்தது; பின்னரே அவ்விடத்தில் அகரம் அமர்ந்தது.

ஐரோப்பிய வணிகர் இருவரின் பெயர்களைப் பிழைபட ஒலித்ததன் பயனே இன்றைய பங்சார்! அந்நாளில் அத்தோட்டத்தின் பெயரை நாள்தோறும் வழங்கியோர் ஆண்ட்வெர்ப் நகரத்துக் கனவான்களைப் போலவே அதனை ஒலித்திருப்பின், இவ்வூருக்கு இப்பெயரே கிடைத்திராது. அப்பெயரைத் தேய்த்து ஆண்ட மக்கள் நாவே அதற்கு உயிரூட்டியது. வீட்டு முகவரியில் அந்தத் தேய்ந்த பெயரைப் பெருமையோடு எழுதிக்கொள்வோர், 'ஓண்டா' என்று சொல்லும் சிறுவனைப் பார்த்து நகைப்பது எவ்வகையில் பொருந்தும்?

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. தமிழ் மரபின்படி ஙகர மெய்யின் பின் ககரம் வரும், சகரம் வருவதில்லை. 'பங்சார்' என்னும் வடிவத்திலோ ஙகர மெய்யின் பின் சகரம் நிற்கிறது. இலக்கணத்தை இம்மியும் வழுவாது கொள்பவர் இதனைப் 'பஞ்சார்' என்றே எழுதியிருக்க வேண்டும். ஆனால், மலேசியத் தமிழ் ஏடுகளும் பள்ளிகளும் மக்களும் 'பங்சார்' என்றே எழுதி வருகின்றனர். அவ்வடிவம் நிலைத்தும் விட்டது. வழக்கு என்பது அத்துணை ஆற்றல் உடையது. இலக்கணத்தையே சற்று ஒதுங்கச் செய்யும் வழக்கு, பங்சாரின் விருந்து மண்டபங்களில் எழும் நகைப்புக்கு அஞ்சி ஓடிவிடுமா?

எவருடைய ஒலிப்பு சரியானது?

'சரியான ஒலிப்பு' என்று ஓயாமல் பேசுவோர், அந்தச் சரியான ஒலிப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஊர்தி நிறுவனங்களின் வரலாற்றைப் புரட்டினால், அந்நிறுவனங்களே தம் பெயரை ஒரே நிலையில் வைத்துக்கொண்டதில்லை என்பது விளங்கும்.

டொயோட்டாவை எடுத்துக்கொள்க. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தின் பெயர் 'டொயோடா'. 1936இல் பொதுமக்களிடையே போட்டி ஒன்று நடத்திய பின்னர் அப்பெயரை 'டொயோட்டா' என்று மாற்றிக்கொண்டனர். ஜப்பானிய எழுத்தில் அதனை எட்டுக் கோடுகளால் எழுதிவிடலாம். எட்டு அந்நாட்டவர்க்கு மங்கல எண். ஒலியும் தெளிவாக இருந்தது. எழுதவும் சொல்லவும் எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டது அந்த நிறுவனம். அதன் பெயரைத் தன் நாவுக்கு எளிதாக ஒரு தமிழன் சொன்னால் மட்டும் குற்றமா?

மாஸ்டாவின் கதை இதனினும் சுவையானது. அந்நிறுவனத்தை வளர்த்தவர் ஜுஜிரோ மட்சுடா. ஜப்பானியர் இன்றளவும் அதனை 'மட்சுடா' என்றே ஒலிக்கின்றனர். உலகத்தார்க்காக எழுதும்போது மட்டும், பாரசீகப் பழஞ்சமயத்தின் தெய்வப் பெயரை நினைவூட்டும் 'மாஸ்டா' என்னும் வடிவத்தைக் கொள்கின்றனர். ஒரே நிறுவனம், உள்நாட்டில் ஓர் ஒலி, வெளிநாட்டில் வேறோர் ஒலி. இவற்றுள் எது பிழை?

கொரியாவின் ஹுண்டாய் என்னும் பெயருக்குத் 'தற்காலம்' என்பது பொருள். கொரியர் ஒலிப்பது 'ஹியொந்தே' என்பதை ஒட்டிய ஒலி. அமெரிக்காவில் விற்கப் புகுந்தபோது, ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு எதுகை படுமாறு 'ஹண்டே' என்று சொல்லுமாறு அந்நிறுவனமே அமெரிக்கர்க்குக் கற்பித்தது. பிரிட்டனில் பல்லாண்டு வேறோர் ஒலிப்பை ஏற்றுக்கொண்டிருந்துவிட்டு, 2023இல்தான் விளம்பரத்தின் வாயிலாக அதனைத் திருத்த முனைந்தது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதன் ஊர்திகளைத் தம் கைகளால் உருவாக்கும் தமிழ்த் தொழிலாளர் 'ஹுண்டாய்' என்கின்றனர். ஊர்தியைச் செய்பவனுக்கே அந்த ஒலிப்புப் போதுமானது என்றால், அதை வாங்கி ஓட்டுபவனுக்கு மட்டும் ஏன் போதாது?

சித்ரொயன் என்னும் பிரெஞ்சு ஊர்தியின் பெயர் பிரெஞ்சுப் பெயரே அன்று. ஆந்த்ரே சித்ரொயனின் முன்னோர் டச்சு நாட்டினர். டச்சு மொழியில் அச்சொல் எலுமிச்சையைக் குறிக்கும். குடும்பம் பாரிஸ் நகரில் குடியேறிய பின், ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் ஏறின. ஒலிப்பும் பிரெஞ்சு வழியில் திரும்பியது. மெர்சிடிஸ் என்பதோ, ஆஸ்திரிய வணிகர் எமில் ஜெல்லினெக் தம் மகளுக்கு இட்ட ஸ்பானியப் பெயர். அது ஜெர்மானிய ஊர்திக்குப் பெயராயிற்று. அதனை ஸ்பானியரைப் போல ஒலிப்பதா, ஜெர்மானியரைப் போல ஒலிப்பதா? ஜாகுவார் என்பது தென்னமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த விலங்குப் பெயர். ஆங்கிலேயர் அதனை ஒருவிதமாகவும் அமெரிக்கர் வேறுவிதமாகவும் ஒலிக்கின்றனர். இருவருமே அப்பழங்குடியினரைப் போல ஒலிப்பதில்லை. இருவருமே வெட்கப்படுவதும் இல்லை.

பிறர் நாணவில்லை

தமிழனைத் தவிர வேறு எவர் இதற்காக நாணுகின்றனர் என்று தேடினால், ஒருவரும் அகப்படமாட்டார்.

ஜப்பானியர் மொழியில் லகரமும் வகரமும் இல்லை. ஆகவே, சுவீடன் நாட்டு 'வொல்வோ'வை அவர்கள் 'பொருபோ' என்கின்றனர். 'பென்ஸ்' அவர்கள் வாயில் 'பென்ட்சு' ஆகிறது. உலகுக்கே ஊர்தி செய்து தரும் அந்த நாட்டினரைக் கல்லாதவர் என்று கூற எவர்க்கேனும் துணிவு உண்டா? கொரியர் மொழியில், கீழுதட்டைப் பல்லில் பொருத்தி ஒலிக்கும் ஆங்கிலப் பகர ஒலி இல்லை. எனவே, இத்தாலியின் புகழ்பெற்ற ஊர்தியை அவர்கள் 'பெராரி' என்றே எழுதுகின்றனர். 'பெராரி' என்றே சொல்கின்றனர். தமிழ்ச் சிறுவன் 'பெராரி' என்றால் அது பிழை. கொரிய நாட்டுப் பொறியாளர் 'பெராரி' என்றால் அது கொரிய மரபு! இந்த ஓரவஞ்சனை எங்கிருந்து வந்தது?

சீனர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஒலிக்கு நெருக்கமும் பொருளுக்குச் சிறப்பும் ஒருங்கே அமையுமாறு பெயரிட்டனர். பென்ஸ் அவர்களிடத்தில் 'விரைந்து பாய்வது' என்னும் பொருள் தரும் பெயரைப் பெற்றது. பி.எம்.டபிள்யூ 'பாவ்மா' ஆயிற்று. 'விலைமதிப்பற்ற குதிரை' என்பது அதன் பொருள்.

மலேசியாவின் தேசிய மொழியே தக்க முன்மாதிரி. 'கெரேத்தா' என்பது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். 'தாயார்', 'பிரேக்', 'எஞ்சின்', 'லோரி', 'டெக்சி', 'பாஸ்' என்று ஆங்கிலச் சொற்களைத் தன் ஒலிக்கும் தன் எழுத்துக்கும் ஏற்ப அம்மொழி அமைத்துக்கொண்டது. தமிழிலிருந்து சென்ற கடை அங்கே 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. முதல் 'மோடல்' ஆயிற்று. இச்சொற்களைத் தமிழரைப் போலவே ஒலிக்க வேண்டும் என்று எந்தத் தமிழனும் வழக்குத் தொடுத்ததில்லை. தொடுப்பின் அது அறியாமையாகும். ஆங்கிலேயரோ திருவல்லிக்கேணியை 'ட்ரிப்ளிகேன்' என்றும் தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்றும் தரங்கம்பாடியை 'ட்ராங்கிபார்' என்றும் சிதைத்தனர். தமிழ்நாட்டு அரசு 2020இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு நெருக்கமாக்கி ஆணை பிறப்பித்துச் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆங்கிலேயன் வாயில் தேய்ந்த தமிழ் ஊரை அவ்வாறே விட்டுவைப்போர், தமிழன் வாயில் தேய்ந்த ஊர்திப் பெயருக்காக ஏன் கொதித்தெழுகின்றனர்?

தமிழ் மரபு காட்டும் வழி

அயற்பெயர் தமிழுக்குள் வருவது நேற்று நிகழ்ந்ததன்று. வடமொழிச் சொல் தமிழில் வழங்கும்போது, அம்மொழிக்கே உரிய எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்று தொல்காப்பியர் நெறி வகுத்தார். பவணந்தி முனிவரும் காலத்துக்கேற்பப் பழையன நீங்குவதையும் புதியன சேர்வதையும் குற்றமாகக் கொள்ளவில்லை. கம்பர் வாக்கில் இலட்சுமணன் இலக்குவன் ஆனான். விபீடணன் வீடணன் ஆனான். உமறுப் புலவர் அரபுப் பெயர்களைத் தமிழ் யாப்புக்குள் அமைத்துச் சீறாப்புராணம் பாடினார். இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர், தேம்பாவணியின் தலைவனாகிய சூசையப்பருக்கு வளன் என்று பெயரிட்டார். தெய்வப் பெயர்களும் அடியார் பெயர்களுமே தமிழ் உடை உடுத்துத் தமிழ் மக்களின் நெஞ்சில் குடியேறியுள்ளன. அவற்றுக்கு இல்லாத தீண்டாமை இரும்பாலும் ரப்பராலும் ஆன ஊர்திக்கு மட்டும் உண்டோ?

அரசியலிலும் அதுவே முறை. 1025ஆம் ஆண்டளவில் இக்கடல்களைக் கடந்து படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இம்மண்ணின் ஊர்கள் பல இடம்பெற்றுள்ளன. கெடா அங்கே கடாரம், லங்காசுகா இலங்காசோகம், நிக்கோபார் மாநக்கவாரம். பேரரசனின் கல்வெட்டே தமிழ் ஒலியில் பேசத் தயங்கவில்லை.

கண்ணும் காதும்

இவ்வளவும் கூறியதைக் கொண்டு, எவரும் எப்படியும் ஒலிக்கலாம் என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. சோம்பலுக்குத் தமிழ் மரபைக் குடையாகப் பிடிப்பதும் தவறேயாகும். அயற்பெயரைத் தமிழாக்குவதற்கு ஒரு முறை உண்டு. அதற்கும் இந்நாட்டுத் தமிழரே வழிகாட்டிகள்.

ரயில் பாதை அமைக்கவும் ரப்பர் மரம் சீவவும் வந்த தமிழர், இந்நாட்டு ஊர்ப்பெயர்களைக் காதால் கேட்டனர். எழுத்தைக் கண்டு படிக்கும் வாய்ப்பு அவர்களுள் பெரும்பாலார்க்கு இருந்ததில்லை. பேரா மாநிலத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் இறுதியில் ககர மெய் நிற்கும். ஆனால், மலாய்க்காரர் அதனை ஒலிக்கும்போது அந்த மெய் தொண்டையிலேயே அடங்கிவிடும். தமிழர் அதனைக் கூர்ந்து கேட்டனர், 'பேரா' என்றனர். எழுத்தைப் பார்த்துப் 'பேராக்' என்று சொல்பவரைக் காட்டிலும், கல்வி நிலையமே காணாத அத்தொழிலாளர் மலாய் ஒலிக்கு நெருங்கி நின்றனர். கிள்ளான், சிரம்பான், ஈப்போ, ஜொகூர், மலாக்கா என்பனவும் மக்கள் வாயில் பழகி நிலைத்த வடிவங்களே.

இன்றைய பிழைகளுக்குக் காரணம் தமிழ் நா அன்று, ஆங்கிலக் கண். பிரெஞ்சுப் பெயரையும் ஆங்கில எழுத்தாகக் கண்டு ஆங்கிலமாகவே படிப்பதால்தான் 'ரெனால்ட்டு' பிறக்கிறது. பிரெஞ்சுக்காரர் சொல்லக் கேட்ட தமிழன் 'ரெனோ' என்றே சொல்வான். தமிழ் எழுத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. பெரோடுவா நிறுவனம் 1994இல் வெளியிட்ட சிறிய ஊர்திக்குச் சருகுமானின் மலாய்ப் பெயரை இட்டனர். 1972இல் நடைமுறைக்கு வந்த புதிய எழுத்துக்கூட்டல் முறையை அறிந்து கேட்டவன் 'கஞ்சில்' என்பான். ஆங்கில எழுத்தைக் கண்டு படிப்பவன் 'கான்சில்' என்பான். ஞகரமும் சகரமும் இணைந்து வரும் 'கஞ்சில்' தமிழ் இலக்கணத்துக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது காண்க.

ஜெர்மனியின் 'ஔடி' மற்றொரு சான்று. ஆகஸ்ட் ஹொர்ச் என்பவர் தாம் தோற்றுவித்த நிறுவனத்தை விட்டு 1909இல் விலகினார். புதிய நிறுவனத்துக்குத் தம் பெயரையே இட முயன்றபோது சட்டம் குறுக்கே நின்றது. 'ஹொர்ச்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குக் 'கேள்' என்பது பொருள். அதனை இலத்தீனில் மொழிபெயர்த்து 'ஔடி' என்றனர். ஆங்கில வழியில் அதனை 'ஆடி' என்று எழுதித் தமிழ் மாதத்தோடு குழப்புவானேன்? தமிழ் நெடுங்கணக்கில் ஔகாரம் எதற்காக இருக்கிறது? கேள் என்று பொருள்படும் பெயரைக்கூடக் கேளாமல் படிப்பதே இக்காலத்தின் குறை.

இன்னும் ஒன்றை ஒலியியல் அறிந்தோர் உணர்வர். ஜப்பானியரும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஒலிக்கும் தகர ஒலி, நா பல்லைத் தொடுவதால் பிறப்பது. அது தமிழ்த் தகரத்துக்கு நெருங்கியது, டகரத்துக்கு அன்று. ஆங்கிலேயரின் ஒலி தமிழர் காதில் டகரமாக விழுவதால், எல்லா நாட்டுப் பெயரையும் டகரமாக்கும் பழக்கம் ஏற்பட்டது. ஆகவே, 'தொயோத்தா' என்று சொல்லும் தோட்டத்துப் பெரியவர், 'டொயோட்டா' என்று சொல்லும் பட்டதாரியைவிட ஜப்பானியர்க்கு அருகில் நிற்கிறார். நகைக்கப்பட்டவர் சரியாகச் சொன்னார். நகைத்தவரே விலகி நின்றார். இதற்கு மேலும் நகைக்க வாய் எழுமா?

தடைகளும் விடைகளும்

பணிக்குச் செல்லும் இளைஞன் வாடிக்கையாளரிடம் தமிழ் ஒலியில் பேசினால் வேலை கிடைக்குமா என்பர் சிலர். ஆங்கிலத்தில் பேசும்போது ஆங்கில ஒலியையும், பிரெஞ்சில் பேசும்போது பிரெஞ்சு ஒலியையும் செவ்வனே கற்றுப் பேசுக என்பதே விடை. அதனை எவரும் தடுக்கவில்லை. தமிழ்ப்பள்ளியே அதற்கு உதவ வேண்டும். 'இப்பெயர் தமிழில் இவ்வாறு வழங்கும். அந்நாட்டார் இவ்வாறு ஒலிப்பர்' என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆசிரியர்க்கு இரண்டு நிமிடம் போதும். இரண்டு உடை வைத்திருப்பவன் இடத்துக்கேற்ப உடுத்துவான். இருக்கும் உடையைக் கிழித்துவிட்டு மற்றொன்றைத் தருவது கல்வியாகாது.

எதிர்ப்புறத்தில் நின்று வேறு சிலர், அயற்பெயர் அனைத்தையும் மொழிபெயர்த்தே வழங்க வேண்டும் என்பர். பொருட்பெயருக்கு அது தகும். மகிழுந்து, பேருந்து, மிதிவண்டி என்பன மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளின் வாயில் இயல்பாகப் பழகிவிட்டன, அவை வாழ்க. ஆனால், வணிகப் பெயர் ஒருவர்க்கு உரிய சிறப்புப் பெயர். 'வொல்வோ' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'உருள்கிறேன்' என்று பொருள். அதற்காக அவ்வூர்தியை 'உருள்கிறேன்' என்று அழைத்தால் எவர்க்கும் விளங்காது. 'வொல்வோ' என்று தமிழ் எழுத்தில் எழுதித் தமிழ் நாவால் சொன்னாலே போதும். டகரமும் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வரலாகாது என்னும் மரபைப் போற்றி முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பவரை ஏளனம் செய்யவும் வேண்டா. சேர்க்காதவரைப் பழிக்கவும் வேண்டா. எது நிலைக்கும் என்பதைப் பங்சாரைத் தீர்மானித்தது போலவே வழக்குத் தீர்மானிக்கும்.

கொள்ளத்தக்க நெறி

ஆகவே, ஆசிரியரும் பெற்றோரும் வானொலி விளம்பரம் எழுதுவோரும் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, அயற்பெயரை ஆங்கில எழுத்தைக் கண்டு படிக்காமல், அது பிறந்த மொழியார் சொல்லக் காதால் கேட்டு எழுதுதல். இரண்டாவது, கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்துக்கும் தமிழ் நாவுக்கும் ஏற்ப அமைத்தல். மூன்றாவது, மக்கள் வழக்கில் முன்பே நிலைத்துவிட்ட வடிவத்தைப் புதுமை கருதிக் குலைக்காதிருத்தல். நான்காவது, இவற்றுள் எதில் தவறினாலும் தவறியவரை நகையாது எடுத்துச் சொல்லுதல். முதல் மூன்றும் அறிவைச் சார்ந்தவை; நான்காவது பண்பைச் சார்ந்தது. நான்காவது இல்லாத இடத்தில் முதல் மூன்றாலும் பயனில்லை.

ஊர்தியின் பெயருக்கு இத்துணை அக்கறை காட்டுவோர் மனிதரின் பெயருக்கும் அதனைக் காட்ட வேண்டும். போர்ஷெயின் ஈற்றசையை விழுங்கினால் அந்த ஊர்தி வருந்தாது. அதன் சக்கரம் சுழல மறுக்காது. ஆனால், யாழினியை 'யாலினி' என்றும் எழிலரசியை 'எலிலரசி' என்றும் தமிழரே அழைக்கும்போது அப்பெண் குழந்தை தன் பெயரையே இழக்கிறாள். மலாய் நண்பரோ சீன நண்பரோ ழகரத்தை லகரமாக ஒலித்தால் அது குற்றமன்று. தமிழனுக்குக் கேட்கும் அதே உரிமை அவர்களுக்கும் உண்டு. ஆனால், ஜெர்மானியப் பெயரின் ஈற்று உயிரை மெனக்கெட்டு ஒலிக்கும் நா, தன் தாய்மொழியின் பெயரையே 'தமில்' என்று சொல்லுமானால், அந்த நாவுக்கு உண்மையில் வேண்டியது ஒலிப்புப் பயிற்சி அன்று, தன்மதிப்புப் பயிற்சி.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இயங்குகின்றன. அவற்றுள் பயிலும் பிள்ளைகள் நாளை ஊர்தி ஓட்டுவர், விற்பர், பழுது பார்ப்பர், பொறியாளராகிப் புதியது படைக்கவும் செய்வர். அவர்கள் படைக்கும் ஊர்திக்குத் தமிழ்ப் பெயரும் இடக்கூடும். அப்பெயரை ஜப்பானியர் ஜப்பானிய ஒலியிலும் ஜெர்மானியர் ஜெர்மானிய ஒலியிலும் சொல்வர். அதனைக் கேட்டு அப்பிள்ளைகள் நகைக்க மாட்டார்கள். தங்கள் பெயர் உலகம் சுற்றுகிறது என்று மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சியை எய்த வேண்டிய பிள்ளையை, இன்று ஓர் ஊர்திப் பெயருக்காக வகுப்பில் வாய் மூட வைக்கும் சிரிப்பு ஓயட்டும். வீட்டில் கற்ற ஒலியோடு அவன் பேசட்டும், பேசப் பேசத் திருந்தட்டும், கை உயர்த்தட்டும்.